பதினேழாம் கிணற்றின் சிவப்பு அம்பு

"உங்க அம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

எட்டாம் வகுப்பின் முதல் வாரம். வகுப்பாசிரியை படிவங்களை நிரப்பிக்கொண்டே கேட்டார். அப்பாவின் வேலையைக் கேட்டபோது "தையல்காரர்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அம்மாவின் வேலைக்கு வந்ததும் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"கிணத்துல தண்ணி எவ்வளவு கீழ இருக்குன்னு பாக்குறாங்க டீச்சர்."

"அதுக்கு ஒரு ஆளா? வாளியை விட்டா தெரிஞ்சுடாதா?" என்றது கடைசி பெஞ்சு. வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு சம்பளம் குடுக்குறாங்க?" என்றார். "அரசாங்கம்தான் டீச்சர். ஆனா சில சமயம் குடுக்க மாட்டாங்க." இதற்கு அவரே சிரித்துவிட்டார். படிவத்தில் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருக்கிறேன். அடுத்து என்ன என்று தெரியாமல் கால் ஓரிடத்தில் நிற்காத நாட்கள் இவை. கதவைத் திறந்து மூடுகிறேன், தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். அந்தக் கேள்விக்கு உருப்படியாக ஒரு பதில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சரியாகும் என்று ஏனோ தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அம்மா நீர்வள ஆராய்ச்சி நிலையத்தில் கள உதவியாளராக இருந்தார். அரசு ஆராய்ச்சிக்காக ஒதுக்கும் நிதியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திட்டம் புதுப்பிக்கப்படும். புதுப்பித்தால் அம்மாவுக்கு வேலை. இல்லையென்றால் இல்லை. வேலை இதுதான்: நகரத்தில் பதினேழு கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒருமுறை போய், தரையிலிருந்து தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒன்பது வருடம் எழுதினார்.

அளக்கும் விதம் எனக்கு மனப்பாடம். இரும்பு டேப்பின் கீழ்முனையில் இரண்டு மீட்டருக்குத் தச்சர்கள் கோடு போடும் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்க்க வேண்டும். கிணற்றின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் ஓர் அம்பும் எண்ணும் இருக்கும். டேப்பை உள்ளே இறக்கி, பதினொன்று, பன்னிரண்டு என்று ஒரு முழு எண் அம்புக்கு நேராக வரும்போது நிறுத்த வேண்டும். பிறகு மேலே இழுத்தால் நனைந்த இடம் கருநீலமாகவும் நனையாத இடம் வெளிர்நீலமாகவும் இருக்கும். அந்த எல்லையில் உள்ள எண்ணை முழு எண்ணிலிருந்து கழித்தால் ஆழம் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் அந்த நீலம் இருந்தது. கதவுக் கைப்பிடி, ஸ்கூட்டரின் ஹேண்டில், என் கணக்கு நோட்டின் அட்டை, சாப்பாட்டு டப்பாவின் மூடி. அம்மா என் கன்னத்தைக் கிள்ளினால் கண்ணாடியில் பார்த்துத் துடைக்க வேண்டியிருக்கும். அப்போது எரிச்சலாக வரும். இப்போது கைப்பிடிகள் சுத்தமாக இருக்கின்றன. சில நாள் காரணமில்லாமல் அவற்றைத் தடவிப் பார்க்கிறேன்.

வீட்டில் இரண்டு டேப்புகள். அம்மாவுடையது முப்பது மீட்டர் இரும்பு. அப்பாவுடையது கழுத்தில் தொங்கும் துணி டேப். "என் டேப் மனுஷனை அளக்கும், உன் டேப் பள்ளத்தை அளக்கும்" என்பார் அப்பா. "மனுஷன் மூச்சை இழுத்துப் புடிச்சுப் பொய் சொல்லுவான். கிணறு சொல்லாது" என்பார் அம்மா. தினமும் இந்தச் சண்டை உண்டு, ஒருநாளும் முடிந்ததில்லை.

அம்மா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டை அப்பாதான் தைத்தார். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் காக்கிக் கோட்டு, இரண்டு பக்கமும் ஆழமான பைகள். அதைத் துவைப்பதும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில். துணிக்குச் செய்ய வேண்டியதை வேறு யாரையும் நம்பி விடமாட்டார். பதினாறு கிணறுகள் குழாய்க் கிணறுகள். மூடியைத் திறந்து முட்டி போட்டு அளக்க வேண்டும், அதனால் கோட்டின் அடியில் மண். பதினேழாம் எண் மட்டும் திறந்த கிணறு. சுற்றுச்சுவரில் சாய்ந்துகொண்டு டேப்பை இழுப்பதால், சுவர் விளிம்பு படும் இடத்தில் நீலக்கோடு ஒன்று விழும். எப்போதும் பையின் வாய்க்கு நான்கு விரல் கீழே.

பதினேழாம் கிணறு ஒரு நர்சரித் தோட்டத்துக்குள் இருந்தது. பூந்தொட்டிகளும் மரக்கன்றுகளும் விற்பவர் அதன் சொந்தக்காரர். அம்மா அவரை அண்ணா என்பார், அவர் அம்மாவை மேடம் என்பார். ஒவ்வொரு செவ்வாயும் கேட்பாராம்: "மேடம், என் தண்ணிக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி?"

நான் எட்டாம் வகுப்பில் இருந்த வருடம், நிதி நின்றுபோனது. திட்டம் முடியவில்லை, மூன்றாம் வருடப் பணம் மட்டும் வரவில்லை. எங்கேயோ ஒரு கோப்பு, எங்கேயோ ஒரு கையெழுத்து. "பணம் வந்ததும் கூப்பிடுறோம்" என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். டேப்பையும் ஸ்கூட்டரையும் ஒப்படைத்துவிட்டு வந்த அம்மா, நான்கு மாதம் அப்பாவின் கடையில் பொத்தான் தைத்தார். ஒரு பொத்தானைத் தைத்துவிட்டு அதை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "என்ன பாக்குற, நனைஞ்சிருக்கான்னா?" என்று அப்பா கேட்பார். வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை வந்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பிறகு பணம் வந்தது. அம்மா மறுநாளே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். பதினேழாம் கிணற்றில் அளந்தபோது தண்ணீர் கால் மீட்டர் கீழே போயிருந்தது. அதற்கு முன் வருடத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கிவந்தது. இரண்டாம் முறை அளந்தார். அதே எண். அடுத்த செவ்வாயும் அதே.

அம்மாவின் மேலதிகாரியை நிலையத்தில் எல்லோரும் கிராஃப் சார் என்பார்கள். டீ ஆறுவதைக்கூடக் கோடு போட்டுப் பார்க்கும் ஆள். நல்ல மனிதர், ஆனால் வருடா வருடம் விண்ணப்பம் எழுதி எழுதி முடியெல்லாம் நரைத்தவர். அடுத்த மூன்று வருடத்துக்கான நிதிக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. "மத்த பதினாறும் இப்படி இறங்கலையேம்மா" என்று முதலில் யோசித்தாராம். பிறகு அவரே காரணமும் கண்டுபிடித்தார். நர்சரிக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருந்தது, அவர்கள் ஆழமாகத் துளை போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கோடு போனது. ஒன்பது வருடம் சாய்வாக வந்து, கடைசியில் செங்குத்தாக விழும் கோடு. "இதைப் பாத்த பிறகும் பணம் இல்லைன்னு சொல்லுவாங்களா?" என்றாராம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தண்ணீர் கீழே போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்போது பள்ளிச் சீருடை தைக்கும் காலம். அப்பாவுக்கு நிமிரக்கூட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டுத் துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பதினோரு வாரம் துவைத்தேன், முனகிக்கொண்டே. நீலம் எங்கே இருந்தால் எனக்கென்ன, போனால் சரி என்று தேய்த்தேன்.

சீருடை வேலை முடிந்த ஞாயிறு, அப்பா வாளியோடு உட்கார்ந்தார். கோட்டை விரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நீ குள்ளமாயிட்டியா?"

"காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"விளையாட்டில்ல, இங்க வந்து பாரு. உன் நீலக்கோடு எப்பவும் பைக்குக் கீழதானே விழும்? இப்ப பைக்கு மேல இருக்கு."

அப்பா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். நான்கு விரல் கீழே தையலில் இன்னும் பழைய கறை மங்கலாக இருந்தது. அங்கிருந்து புதுக்கோடு வரை ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. "கோட்டு சுருங்கல. நீயும் சுருங்கல. அப்போ சுவர்தான் வளந்திருக்கு" என்றார்.

அம்மா கையைக்கூடத் துடைக்கவில்லை. கால் மணி நேரத்தில் நாங்கள் மூவரும் நர்சரியில் இருந்தோம்.

"வாங்க மேடம், ஞாயித்துக்கிழமையுமா? குடும்பத்தோட வேற!" என்று சொந்தக்காரர் ஓடிவந்தார்.

"அண்ணா, இந்தச் சுவரை உசத்தினீங்களா?"

"ஆமாம்! பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டா. எட்டிப் பாத்துடுவாளோன்னு பயம். நீங்க வராம இருந்தீங்களே, அப்போதான் கட்டினேன். மூணு வரிசை செங்கல்." அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்க அம்பு மறைஞ்சுடக் கூடாதேன்னு நானே பெயின்ட் வாங்கி மேல வரைஞ்சுட்டேன். பழசைவிட நல்லா இருக்குல்ல? நம்பரைக்கூட ஸ்டென்சில் வச்சு அடிச்சேன்."

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். வெளிப்பக்கம் பூசி வெள்ளையடித்திருந்தாலும் உட்பக்கம் பூசவில்லை. பாசி பிடித்த கருத்த செங்கல்லுக்கு மேல் மூன்று வரிசை, பளிச்சென்ற சிவப்பு. அளந்தார். இருபத்திரண்டு சென்டிமீட்டர். தண்ணீர் கால் மீட்டர் இறங்கவில்லை. வழக்கம்போல் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மற்றதெல்லாம் செங்கல்.

"பன்னிரண்டு வாரம் எட்டிப் பாத்திருக்கேன்" என்றார் அம்மா. "அம்பைப் பாத்தேன், டேப்பைப் பாத்தேன். சுவரைப் பாக்கவே இல்லை."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?" அந்த மனிதரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"இல்லண்ணா. குழந்தைக்குச் சுவர் வேணும். நீங்க செஞ்சது சரி."

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். வியாழக்கிழமை நிதிக்குழு வரப்போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தச் செங்குத்துக் கோடுதான் விண்ணப்பத்தின் உயிர் என்பதும் தெரியும். தெருமுனை திரும்பும்போது நான்தான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை சொன்னா என்னம்மா?"

அம்மா நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு வர்றேன்" என்றார்.

அப்பா இருவரையும் பார்த்தார். "இடுப்பளவைத் தப்பா எழுதிட்டா, துணியை வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும். வெட்டின பிறகு சொன்னா அது பேரு மன்னிப்பு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று சாப்பாட்டில் யாருக்கும் மனம் போகவில்லை.

திங்கட்கிழமை கிராஃப் சாரிடம் நடந்ததை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். முதலில் அவர் நம்பவில்லை. காக்கிக் கோட்டை மேசைமேல் விரித்துக் காட்டியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாலு நாள் கழிச்சு இதைச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருக்கலாம் சார். நாளைக்கு நான் அளக்கப் போகணுமே. எந்த நம்பரை எழுதுறது?"

அவர் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை எடுத்துக் கிழித்தாராம். "பன்னிரண்டு வார அளவையும் கொண்டாங்க. திருத்திப் போடுவோம். கோடு சப்பையா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னார்: "பாவம், அவர் தலையில நானே கல்லைப் போட்டுட்டேன்."

வியாழக்கிழமை அம்மா கோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு நிலையத்தின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாராம். கூப்பிட்டார்கள். நீள மேசை, ஐந்து பேர், நடுவில் வயதான ஓர் அம்மாள் தலைவி. கிராஃப் சார் பிழையையும் அதைத் திருத்தியதையும் சொல்லியிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "கள உதவியாளரின் கணவர், துணி துவைக்கும்போது" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

"இது ஆராய்ச்சியா, சலவையா?" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவி சிரிக்கவில்லை. கோட்டை வாங்கி, பையின் மேலும் கீழும் விரலை வைத்துப் பார்த்தார். "ஒன்பது வருஷமா அளக்குறீங்க. ஒரு சுவர் எழும்புறது எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

"நான் போகலைம்மா. நாலு மாசம் பணம் வரலைன்னு நிறுத்திட்டாங்க. வாராவாரம் போயிருந்தா, அண்ணன் முதல் செங்கல் வைக்கும்போதே பாத்திருப்பேன். நானே அம்பை வரைஞ்சிருப்பேன்."

சிரித்த உறுப்பினர் தன் முன்னால் இருந்த காகிதத்தைச் சரிசெய்தார். தலைவி கோட்டை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை அம்மா சிரித்த முகமாக வந்தார். "மடிச்சுக் குடுத்தாங்க" என்று மூன்று முறை சொன்னார். எங்களுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா புதுக் கோட்டுக்குத் துணி எடுத்து வைத்தார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இந்த முறை நிதி ஒதுக்க இயலவில்லை, வருங்காலத்தில் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று நான்கு வரி. காரணம் எழுதவில்லை.

அந்தச் செங்கல்லால்தான் போனதா? யாருக்கும் தெரியாது. அந்த வருடம் வேறு பல திட்டங்களும் நின்றன என்று கிராஃப் சார் சொன்னார். செங்குத்துக் கோடு இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. ஒருமுறை அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "கிடைச்சிருக்கலாம்" என்றார். "அப்புறம் வாராவாரம் அந்தக் கிணத்துக்கு எந்த முகத்தோட போவேன்?" அவருக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

வேலையின் கடைசி வாரத்தில் அம்மா ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும் ஒரு மெல்லிய தூரிகையும் வாங்கினார். பதினேழு கிணறுகளுக்கும் போய் மங்கிய அம்புகளையெல்லாம் புதுப்பித்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அதுவரை ஒரு கிணற்றையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றிலும் அம்மாவைத் தெரிந்த யாரோ ஒருவர் இருந்தார்கள். "அடுத்த வாரம் வருவீங்கல்ல?" என்று கேட்டார்கள். "பணம் வந்தா வருவேன்" என்றார் அம்மா, எல்லோரிடமும் ஒரே மாதிரி.

பதினேழாம் கிணற்றில் நர்சரிக்காரர் தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வரைந்த அம்பை அம்மா அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: "22 செ.மீ. கழிக்கவும்." உட்பக்கம் குனிந்து, பழைய செங்கல்லின் மேல் விளிம்பில் இன்னொரு சிறிய அம்பும் போட்டார்.

"யாருக்கு மேடம் இதெல்லாம்?" என்றார் அவர்.

"அடுத்து வர்றவங்களுக்கு. பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் நான் விட்ட இடத்துலேருந்து அளக்கணும்ல."

குழந்தை தூரிகையைப் பிடுங்கப் பார்த்தது. அதன் உள்ளங்கையில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. திரும்பும் வழியில் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். சுண்ணக்கட்டி வாசனையும் பெயின்ட் வாசனையும் அடித்தன. என் சின்ன வயதுக்கு ஒரு வாசனை உண்டென்றால் அது இதுதான்.

அம்மா இப்போது அப்பாவின் கடையில் பெண்களுக்கு அளவெடுக்கிறார். யாராவது மூச்சை இழுத்துப் பிடித்தால், "விடுங்க, நான் எப்படியும் கண்டுபிடிச்சுடுவேன்" என்கிறார். இரும்பு டேப்பை நிலையத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. ஒன்பது வருட நோட்டுகள் கிராஃப் சாரின் அலமாரியில் இருக்கின்றன. அவர் இன்னும் விண்ணப்பம் எழுதுகிறார். கோட்டு மட்டும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இரண்டு நீலக்கோடுகளும் அதில் இருக்கின்றன. அப்பா அதை அதற்குப் பிறகு துவைக்கவே இல்லை.

டீச்சர், உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அரசாங்கம் பணம் கொடுத்த வாரங்களில் என் அம்மா தண்ணீர் எங்கே இருக்கிறது என்று உண்மையை எழுதினார். கொடுக்காத வாரங்களில் அந்த உண்மை எழுதப்படவில்லை. அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கிணற்றிலோ, பக்கத்துத் தோட்டத்திலோ, பள்ளிக்கூடத்துக் குழாய்க் கிணற்றின் மூடியிலோ ஒரு சிவப்பு அம்பும் எண்ணும் இருக்கலாம். சுவரைத் தாராளமாக உயர்த்துங்கள், குழந்தைகள் விழக்கூடாது. ஆனால் அம்பை நகர்த்தாதீர்கள். மறைத்தே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு உயர்த்தினீர்கள் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். பணம் என்றாவது வரும், யாராவது ஒரு டேப்போடு வருவார்கள். உங்களுக்குக் கிணறு இல்லையென்றால், கிணறு இருக்கும் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.